தல்பீனாவும் நோன்புக் கஞ்சியும்

ரமளான் மாதத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் போடிநாயக்கனூர்ப் பள்ளிவாசல்களில் தூக்குப் பாத்திரங்கள் வரிசை கட்டிவிடும். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, பட்டை, கிராம்பு, மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய், இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் எனக் குழைந்து வெந்த கஞ்சியை வாங்கிச் செல்ல ஜமாஅத்தார் மட்டுமின்றி அக்கம்பக்கத்துப் பிற சமயத்தாரும் வருவது தமிழகம் எங்கும் உள்ள வழக்கம்; போடியும் அதற்கு விலக்கன்று. இக்கஞ்சிக்கென்றே 2001ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. கஞ்சி என்றால் அரிசிக் கஞ்சி என்பது நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஹதீஸ் நூல்களிலும் ஒரு கஞ்சி உண்டு. அது அரிசியால் ஆனதன்று. அகராதிகள் வாற்கோதுமை என்றும் கடைக்காரர்கள் பார்லி அரிசி என்றும் கூறுகின்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சும் அக்கஞ்சிக்குத் தல்பீனா என்று பெயர். பாலைக் குறிக்கும் 'லபன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. வெண்மையிலும் நெகிழ்விலும் பாலை ஒத்திருப்பதால் அப்பெயர் பெற்றது என்பர். மாவினாலோ தவிட்டினாலோ காய்ச்சப்படும், சில வேளை தேனும் சேர்க்கப்படும் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். இறப்பு நேர்ந்த வீட்டில் கூடிய பெண்கள் கலைந்து சென்று, குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் மட்டுமே எஞ்சும்போது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு சட்டி தல்பீனா காய்ச்சச் செய்து, தரீதின் மீது ஊற்றி உண்ணச் சொல்வார்கள். நோயுற்றவரின் உள்ளத்துக்கு அது ஆறுதல் தரும், துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவிப்பார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இச்செய்தியை உணவுகள் பற்றிய பகுதியில் ஒரு முறையும் மருத்துவம் பற்றிய பகுதியில் மற்றொரு முறையும் பதிவு செய்திருப்பது கவனிக்கத்தக்கது. தல்பீனா உணவா மருந்தா என்ற வினா அப்போதே எழுந்துவிட்டது போலும்.

இங்கே ஒரு தெளிவு தேவை. அண்மைக் காலத்தில் இந்த ஹதீஸை எடுத்துக்கொண்டு, இதய நோய்க்கு நபிமருத்துவம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பார்லியைப் பரிந்துரைத்துவிட்டது என்று துண்டு வெளியீடுகளும் பொட்டலங்களின் மேலட்டைகளும் முழங்குகின்றன. ஹதீஸில் வரும் 'ஃபுஆத்' என்ற சொல் துயருறும் உள்ளத்தைக் குறிக்கிறது. கொழுப்பு படியும் இரத்தக் குழாயை அன்று. இன்னும் சொல்லப்போனால், முற்கால விரிவுரையாளருள் சிலர் அச்சொல்லுக்கு இரைப்பையின் வாய் என்றே இவ்விடத்தில் பொருள் கொண்டனர். துக்கத்தில் உண்ணாமல் வறண்டு போன வயிற்றுக்கு இளஞ்சூடான கஞ்சி இதமளிக்கும் என்பது அவர்கள் கண்ட விளக்கம். அன்பினால் சொல்லப்பட்ட ஒரு சொல்லை ஆய்வுக்கூட முடிவாக மாற்றுவதால் ஹதீஸுக்கும் பெருமை சேராது, அறிவியலுக்கும் நன்மை விளையாது. பார்லியைப் பற்றி இன்றைய அறிவியல் கண்டவை அவற்றின் வலுவிலேயே நிற்கக் கூடியவை. அவற்றைத் தனியே பார்ப்பதே முறை.

அதற்கு முன், நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பார்லி எந்த இடத்தில் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது மருந்துக் கடைச் சரக்கன்று. மதீனாவின் எளிய மக்களின் அன்றாட உணவு. கோதுமை விலை மிகுந்தது. நோன்புப் பெருநாளின் ஃபித்ரா ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் அல்லது ஒரு ஸாஉ பார்லி என்று விதிக்கப்பட்டதிலிருந்தே அவ்விரண்டும் எவ்வளவு பொதுவானவை என்பது விளங்கும். நபியவர்கள் உலகைப் பிரிந்தபோது அவர்களின் கவசம் 30 ஸாஉ பார்லிக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. அவர்களின் குடும்பத்தார் பார்லி ரொட்டியைக்கூட இரு நாள்கள் தொடர்ந்து வயிறார உண்டதில்லை என்பதும் அன்னையாரின் அறிவிப்பே. நோயிலிருந்து தேறிவந்த அலி (ரலி) அவர்களைப் பேரீச்சங்குலையிலிருந்து தடுத்து, கீரையும் பார்லியும் சேர்த்துச் சமைத்ததை உண்ணுமாறு நபியவர்கள் கூறியதை உம்முல் முன்திர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களின் செய்தி. நபியவர்களின் காலத்தில் சலித்த வெண்மாவை நீங்கள் கண்டதுண்டா என்று அவர்களிடம் வினவப்பட்டது. கண்டதில்லை என்றார்கள். சல்லடை இருந்ததா என்ற வினாவுக்கும் இல்லை என்பதே விடை. சலிக்காத பார்லியை எப்படி உண்டீர்கள் என்று கேட்டபோது, அரைத்து, ஊதி, பறப்பது பறந்து போக எஞ்சியதை நனைத்துப் பிசைந்து உண்டோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். கேட்டவரின் வியப்பைப் பாருங்கள்: ஒரு தலைமுறைக்குள்ளேயே வெண்மாவு வழக்கமாகி, தவிட்டோடு உண்பது எப்படி என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. நம் பாட்டனார் சாமைச் சோற்றையும் கேழ்வரகுக் களியையும் எப்படி உண்டார்கள் என்று நம் பிள்ளைகள் இன்று கேட்பதில்லையா?

நார்ச்சத்தைச் சக்கை என்று ஒதுக்கிய காலம் மருத்துவத்திலும் இருந்தது. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர்களான டெனிஸ் பர்க்கிட்டும் ஹியூ ட்ரோவலும், அங்குள்ள சிற்றூர் மக்களிடம் நீரிழிவும் இதய நோயும் அருகியிருப்பதற்கு அவர்கள் உண்ணும் தீட்டாத தானியங்களும் பயறுகளுமே காரணமாகலாம் என்ற கருத்தை 1970களில் வலியுறுத்தினர். ஆனால் நார்ச்சத்து எல்லாம் ஒரே தன்மையதன்று. கோதுமைத் தவிட்டின் நார் தண்ணீரில் கரையாது; மலச்சிக்கலைப் போக்கும், இரத்தக் கொலஸ்ட்ராலை ஒன்றும் செய்யாது. மற்றொரு வகை நார் தண்ணீரில் கரைந்து கூழாகிறது. இவ்வேறுபாட்டைத் துலக்கியவருள் டேவிட் ஜென்கின்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1978இல் வெளியான அவருடைய ஆய்வில் பல வகை நார்களைச் சர்க்கரைக் கரைசலோடு கொடுத்துப் பார்த்தனர். நம்மூர்க் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின், எல்லாவற்றிலும் மிகுந்த குழகுழப்பு உடையது. அதுவே இரத்தச் சர்க்கரையின் எழுச்சியை மிகுதியும் தணித்தது. அதே பிசினைச் சிதைத்து அதன் குழகுழப்பைப் போக்கிவிட்டுக் கொடுத்தபோது பயன் மறைந்தது. நார் எவ்வளவு என்பதோடு, அது வயிற்றுக்குள் எவ்வளவு குழகுழப்பாக இருக்கிறது என்பதும் வினையை முடிவு செய்கிறது.

பார்லியின் சிறப்பு இங்கேதான். அதன் கரையும் நாருக்குப் பீட்டா குளூக்கான் என்று பெயர். குளுக்கோஸ் அலகுகள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டது அது; ஆனால் மாவுச்சத்தைப் போல நம் செரிமான நொதிகளால் அறுபடாது. ஓட்ஸில் இது பெரும்பாலும் மணியின் வெளிப்பகுதியில் திரண்டிருக்கும். பார்லியிலோ மணியின் உட்பகுதி முழுதும் உள்ள உயிரணுச் சுவர்களில் பரவியிருக்கிறது. எனவே கடையில் கிடைக்கும் தீட்டிய வெண்பார்லியிலும் அது பெருமளவு எஞ்சுகிறது. அரிசியைத் தீட்டினால் இழப்பதைப் போலப் பார்லி இழப்பதில்லை. தீட்டாத பார்லியே மேல் என்பதில் ஐயமில்லை. கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை.

இந்த நார் சிறுகுடலில் கூழாகும்போது என்ன நேர்கிறது? கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் பித்த அமிலங்கள் உள்ளன. வழக்கமாக இவை வேலை முடிந்ததும் குடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். இறைவன் அமைத்த சிக்கனமான சுழற்சி அது. கூழ் அவற்றைத் தன்னுள் சிறைப்படுத்திக் கழிவோடு வெளியேற்றிவிடுகிறது. குறைந்ததை ஈடு செய்யக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் ஆக்க வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். இவ்வாறு குறைகிறது. அதே கூழ் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதையும் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்துகிறது. எஞ்சிய நார் பெருங்குடலை அடையும்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து அசெட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. இவை குடற்சுவருக்கு உணவாகின்றன.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸுக்கு அனுமதித்த இதயநலக் கூற்றை 2005 டிசம்பரில் பார்லிக்கும் விரித்தது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் என்பது அது வகுத்த அளவு. 100 கிராம் பார்லியில் அது 4 முதல் 6 கிராம் வரை இருக்கும் எனக் கொண்டால், நாள்தோறும் 50 முதல் 75 கிராம் பார்லி உண்ண வேண்டும்; இரு கைப்பிடி என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2011இல் இக்கருத்தை ஏற்றது. 14 சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.5 கிராம் பார்லிப் பீட்டா குளூக்கான் உண்டவர்களுக்கு எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் குறைந்ததாகக் கணக்கிட்டது. இது சிறிய அளவே. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்லிக்கு மாறலாம் என்று யாரேனும் சொன்னால் அவர் சொல்லைக் கேளாதீர்கள். ஆயினும் ஒரு சமுதாயம் முழுவதும் தன் உணவால் அந்த அளவு குறைத்துக்கொள்ளுமானால், அதனால் காக்கப்படும் உயிர்கள் சிலவல்ல.

நோன்பாளிகளுக்குச் சுவையான செய்தி ஒன்று சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இரவில் முழுப் பார்லி மணிகளால் ஆன உணவை உண்டவர்களுக்கு, மறுநாள் காலை வேறு உணவை உண்டபோதும் இரத்தச் சர்க்கரை குறைவாகவே உயர்ந்ததை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டனர். இரவெல்லாம் பெருங்குடலில் நடக்கும் நொதித்தலே காரணம் என்பது அவர்கள் துணிபு. 2015இல் அதே அணியைச் சேர்ந்தோர், பார்லி ரொட்டியால் பயன்பெற்றவர்களின் குடலில் பிரெவோடெல்லா என்னும் நுண்ணுயிர் மிகுந்திருப்பதாகவும் எழுதினர். இஃப்தாரில் உண்பது ஸஹர் உணவின் போக்கை மாற்றக்கூடும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஊகம் என்ற அளவில்தான் சொல்கிறோம். அவ்வாய்வுகள் நோன்பாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டவையல்ல.

சமைக்கும் முறையிலும் பயன் கூடும், குறையும். மால்ட் பானங்கள் பார்லியால் ஆனவை என்று கருதிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர் பலர். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. முளைக்கும்போது தானியமே தன் பீட்டா குளூக்கானை நொதியால் அறுத்துவிடுகிறது. மதுவடிப்போர் விரும்புவதும் அதுவே. குழகுழப்பு இருந்தால் அவர்களுடைய வடிகட்டி அடைத்துக்கொள்ளும். உலகில் விளையும் பார்லியின் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவும், அடுத்த பெரும்பகுதி மால்ட்டாகவும் செல்கிறது என்பது இத்தானியத்தின் சோகக் கதை. மாவைப் பிசைந்து நெடுநேரம் புளிக்கவைத்துச் சுடும் ரொட்டியிலும் நார்ச்சங்கிலி ஓரளவு அறுபடுகிறது. காய்ச்சலுக்கும் கால்வீக்கத்துக்கும் நம் வீடுகளில் கொடுக்கும் பார்லித் தண்ணீரோ, முழுமணியைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டு வடித்த தெளிவு. தாகம் தீரும், நார் பெரும்பாலும் வடிதட்டில் தங்கிவிடும்.

இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1350) இந்த வேறுபாட்டைத் தம் காலத்து அறிவைக்கொண்டே தொட்டிருக்கிறார்கள் என்பது நம்மை வியக்க வைக்கிறது. பார்லித் தண்ணீருக்கு அவர்கள் கூறும் முறை: இடித்த நல்ல பார்லி ஒரு பங்கு, தூய நீர் ஐந்து பங்கு, மிதமான தீயில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். நகரத்து மருத்துவர்கள் மென்மை கருதி முழுமணியைக் காய்ச்சுகின்றனர். மதீனாவாசிகளோ அரைத்துக் காய்ச்சினர். அரைத்ததே ஊட்டத்திலும் வினையிலும் வலியது என்பது அவர்களின் கருத்து. அரைக்கும்போது உயிரணுச் சுவர்கள் உடைந்து நார் நீரில் எளிதாக இறங்குகிறது என்பதை இன்று நாம் அறிவோம். முழுமணிக்கும் ஒரு நன்மை உண்டு: அதன் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது. உணவாலும் மருந்தாலும் பெறும் பயனில் ஒரு நாட்டு மக்களின் பழக்கத்துக்கும் பங்குண்டு என்று இமாமவர்கள் அதே இடத்தில் குறிப்பிடுகிறார்கள். அந்தக் குறிப்பே நம்மை மீண்டும் போடிக்கு அழைத்து வருகிறது.

போடியிலிருந்து மேற்கே செல்லும் சாலை முந்தலைத் தாண்டி மலையேறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்: பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, நெடுங்கண்டம் என்று விரியும் ஏலமலை. அந்தத் தோட்டங்களிலும் ஏலக்காய் வாணிகத்திலும் கம்பம் பள்ளத்தாக்கின் இராவுத்தர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக ஈடுபட்டு வருகின்றன. மலையில் விளைந்த காய் போடியில் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை பெறுகிறது. அதைக் கொய்யும் கைகளும் பெரும்பாலும் கீழிருந்தே செல்கின்றன. விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மாநில எல்லையைக் கடந்து போகும் பெண்களின் மடியில் தூக்குப் பாத்திரம். அதில் வெண்சோறும் குழம்பும். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரங்களில் காய்ப்பது. பகல் முழுதும் குனிந்தும் குந்தியும் பறிக்க வேண்டும்.

அவர்களின் முன்னோர் உண்டது வெண்சோறு அன்று. அடிவாரத்து மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும், சரிவுகளில் சாமையும், மலைக்குடிகளான முதுவர்களிடம் கேழ்வரகும் விளைந்தன. நெற்சோறு நாள் கிழமைக்கு உரியதாக இருந்தது. 2008 செப்டம்பரில் நியாயவிலைக் கடை அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் முதல் விலையின்றியே வந்தது. பசியைப் போக்கிய அந்த ஏற்பாட்டைக் குறை கூறுவது நன்றி மறத்தலாகும். அடுப்பு எரியாத வீடுகளை அறிந்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்ற நிலை அதனோடு சேர்ந்தே நிலைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவாளர் 11.4 விழுக்காடு, தமிழகத்தில் 14.4 விழுக்காடு. மலையேறி உழைப்பவருக்கு நீரிழிவு வராது என்ற பழைய நம்பிக்கையை இனியும் பற்றிக்கொண்டிருக்க முடியாது. உழைப்பு அவர்களை ஓரளவு காக்கிறது. தோட்ட வேலையை விட்டு ஊருக்குள் கடையில் அமர்ந்த அடுத்த தலைமுறைக்கு அந்தக் காப்பும் இல்லை.

அப்படியானால் பார்லியை விட்டுவிட்டுப் பழைய சிறுதானியங்களுக்கே திரும்பலாமே என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணை இங்கே உதவுகிறது. 100 கிராமில் மொத்த நார் தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் ஏறத்தாழ 11. பார்லியில் 15க்கும் மேல். கரையும் நாரை மட்டும் எடுத்துக்கொண்டால் அரிசியில் ஒரு கிராமும் இல்லை. கேழ்வரகிலும் சோளத்திலும் ஒன்றரை முதல் இரண்டு கிராமுக்குள். சாமையிலும் கம்பிலும் இரண்டைச் சற்றே தாண்டும். பார்லியில் ஐந்தரையை ஒட்டி. சிறுதானியங்கள் அரிசியைவிட மேல் என்பது உறுதி. ஆனால் கொலஸ்ட்ராலைக் கழிக்கும் கூழ் என்ற ஒன்றில் அவை பார்லிக்கு ஈடாகா. ஏலமலைச் சரிவில் பார்லி விளைவதில்லை. நீலகிரியில் படுகர்கள் ஒரு காலத்தில் பயிரிட்டனர் என்றாலும், இன்று நமக்குக் கிடைப்பது ராஜஸ்தான் முதலிய வடபுலத்திலிருந்து வருவது. விலையில்லா அரிசியோடு அது போட்டியிட முடியாது.

எனவே அரிசியை நீக்கும் பேச்சு பயனற்றது. கலப்பதே இயலக் கூடியது. அரிசி உண்ணும் நாடு பார்லியைக் கலந்து உண்ணலாகாது என்று விதியேதும் இல்லை. ஜப்பானியர் அரிசியோடு பார்லி சேர்த்துப் பொங்கும் சோற்றை 'முகி கோஹன்' என்பர். அதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1880களில் ஜப்பானியக் கடற்படையில் பெரிபெரி நோய் வீரர்களை வாட்டியபோது, தகாகி கனேஹிரோ என்ற மருத்துவர் வெண்சோறே காரணம் என்று ஐயுற்று 1885இல் பார்லி கலந்த சோற்றைப் புகுத்தினார். கடற்படையில் நோய் ஏறத்தாழ ஒழிந்தது. தரைப்படை அதை ஏற்காமல் வெண்சோற்றையே பெருமையாகக் கொண்டது. 1904-05 ரஷ்யப் போரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பெரிபெரிக்கே பலிகொடுத்தது. அந்த நோய் வைட்டமின் குறைவால் வந்தது, நார்க் குறைவால் அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனினும் வெண்சோற்றின் மீது மனிதருக்குள்ள மோகம் எத்தனை வலியது என்பதை அது காட்டுகிறது.

ஒரு மகிழ்ச்சியான செய்தி: நம் நோன்புக் கஞ்சியில் கரையும் நார் முன்பே இருக்கிறது, வெந்தயத்தின் வடிவில். வெந்தயத்தின் குழகுழப்பு கொத்தவரைப் பிசினுக்கு உறவான நாரால் வருவது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1980களிலும் 90களிலும் நடந்த ஆய்வுகள், அது இரத்தச் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் குறைப்பதைக் காட்டின. ஆனால் அங்கே கொடுத்த அளவு நாளொன்றுக்கு 25 கிராமும் அதற்கு மேலும். நாம் ஓர் அண்டாவுக்குப் போடும் கைப்பிடி வெந்தயம் மணத்துக்கும் குளிர்ச்சிக்கும்தான் காணும். பாசிப்பருப்பும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கிறது. இவற்றை முதலில் சற்றுக் கூட்டலாம். பிறகு நொய்யில் பாதியை எடுத்துவிட்டுப் பார்லியைச் சேர்க்கலாம்.

ஒருவருக்கான கஞ்சியில் 50 கிராம் தானியம் என்றால் அதில் 25 கிராம் பார்லி. கிடைக்கும் பீட்டா குளூக்கான் ஒன்று முதல் ஒன்றரை கிராம். அமெரிக்கர் வகுத்த நாளளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. உணவுக்குப் பின் சர்க்கரை எழுவதைத் தணிக்க 30 கிராம் மாவுச்சத்துக்கு 4 கிராம் வேண்டும் என்பது ஐரோப்பியர் அளவுகோல். நம் கலவை அதை எட்டாது. ஆகவே கஞ்சிக்குப் பின் வரும் வடையும் சமோசாவும் சர்பத்தும் தம் வேலையைச் செய்யத்தான் செய்யும். இன்னொன்றையும் மறைக்கலாகாது: பார்லியை உண்ணும் வரையில்தான் அதன் பயன். முப்பது நாள் உண்டு ஷவ்வாலில் நிறுத்தினால் கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கே திரும்பும். மதீனாவில் அது அன்றாட ரொட்டியாக இருந்தது என்று நாம் முன்பே கூறியதை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். ஆண்டு முழுதும் காலைக் கஞ்சியிலோ இட்லி மாவிலோ சோற்றிலோ அதற்கு ஓர் இடம் தந்தால்தான் கணக்கு நேராகும்.

பார்லியில் குளூட்டன் என்ற புரதம் இருப்பதால் அது ஒவ்வாத குடல்நோயினர் தொடவே கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ கொள்ளும் நோன்பாளிகள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது நோன்பில் ஆபத்து. பழக்கமில்லாத வயிற்றில் முதல் வாரம் பொருமலும் வாயுவும் உண்டாகும். கால் பங்கில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது நலம், இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீரும் நன்றாகப் பருக வேண்டும்.

நம் வீட்டில் செய்து பார்த்ததில் கண்ட சில நுட்பங்கள் கஞ்சி காய்ச்சுவோருக்கு உதவலாம். பார்லி நொய்யைவிட மெதுவாக வேகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நொய் கரைந்து போகப் பார்லி கடிபடும். லுஹருக்கு முன்பே கழுவி ஊறவைத்து, இரவை பதத்தில் உடைத்துக்கொண்டு, வெந்தயத்தோடு முதலில் அண்டாவில் ஏற்றிவிட வேண்டும். பாதி வெந்து நீர் குழகுழத்து வரும் வேளையில் நொய்யும் பருப்பும் போகலாம். ஆறும்போது அரிசிக் கஞ்சியைவிட அதிகம் இறுகும் என்பதால் தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். வடிக்கக் கூடாது. தேங்காய்ப்பாலைக் குறைத்தாலும் நெகிழ்ச்சி குறையாது, பார்லியே அதைத் தந்துவிடுகிறது. ஏலக்காயை மட்டும் யாரும் குறைக்கச் சொல்லவில்லை. போடியில் சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை.